மேலிருந்து பார்த்தா பானையே வேற! ஆதிச்சநல்லூர் தாழியைப் படம் எடுப்பது எப்படி?

பானையைப் பார்த்ததும் யாராவது செல்போனை வெளியே எடுப்பார்களா? ஆதிச்சநல்லூரில் எடுக்கிறார்கள். காலுக்குக் கீழே கண்ணாடித் தரை. அதற்கும் கீழே அகழாய்வுக் குழி. அங்கே, கிடைத்த இடத்திலேயே விட்டுவைக்கப்பட்ட முதுமக்கள் தாழிகள். தூத்துக்குடி மாவட்டத்தில், திருநெல்வேலி - திருச்செந்தூர் சாலையில் இருக்கும் இந்தத் தளக் காட்சியகம் 2023 ஆகஸ்ட் 5-ல் திறக்கப்பட்டது.

சாதாரணப் பொருள் ஏன் புதுசா தெரியுது?

பானையை நாம் எப்போதும் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறோம். கழுத்து, வயிறு, அடி என்று மூளைக்கு அந்த உருவம் மனப்பாடம். நேர் மேலே இருந்து பார்த்தால் எல்லாம் மறைந்து வெறும் வட்டம் மட்டும் மிஞ்சும். 'இது என்ன?' என்று கண் ஒரு நொடி தடுமாறும். சுவாரசியமே அந்த ஒரு நொடிதான்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-ல் இதைத்தான் செய்தார். ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படம் எடுத்தார். 'பெப்பர் நம்பர் 30' என்ற அந்தப் படத்தில் மிளகாய், முறுக்கேறிய மனித உடல் போலத் தெரியும்.

வெளிச்சம் செய்யும் வேலை

2004-05 அகழாய்வில் 160-க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. அவற்றோடு கிடைத்த ஒரு பானை ஓட்டில் பெண், நெற்கதிர், கொக்கு, மான், முதலை உருவங்கள் புடைப்பாக இருந்தன. இப்படிப்பட்ட புடைப்பை ஃபிளாஷ் போட்டு எடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் இருந்து தாழ்வாக வெளிச்சம் விழுந்தால், மேடுகள் ஒளிர்ந்து பள்ளங்கள் நிழலாகும். வெறும் கண்ணுக்குத் தப்பிய கோடுகூட மேலே வரும். ஆய்வாளர்களும் பயன்படுத்தும் உத்தி இது.

கண்ணாடிக்கு மேலே இருந்து எடுப்பவர்களுக்கு:

- ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.
- லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், பிரதிபலிப்பு குறையும்.
- அடர் நிறச் சட்டை போட்டிருந்தால் உங்கள் உருவமும் படத்தில் அவ்வளவாக விழாது.

ஒரு பானை, ரெண்டு கேமரா

கலைஞர் அளவைத் தெரியாமல் மறைப்பார். படத்தில் இருப்பது சட்டியா, ஆள் உயரத் தாழியா என்று நீங்கள் குழம்ப வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டும். தொல்லியல் ஆய்வாளர் நேர் எதிர். அளவுகோலையும் வடக்கு திசை காட்டும் அம்புக்குறியையும் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கிளிக் செய்வார். யாரும் குழம்பிவிடக் கூடாது.

ஏன் இவ்வளவு கவனம்? ஒரு குழியை ஒரு தடவைதான் தோண்ட முடியும். தாழியை வெளியே எடுத்த பிறகு, அது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதற்குக் குறிப்பும் வரைபடமும் படமும்தான் சாட்சி. 1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வின் பொருள்களுக்கு 1915-ல் பட்டியலே அச்சானது. ஊரை விட்டுப் போன பொருளை இன்றும் தேடிப் பிடிக்க முடிகிறது என்றால், அதற்கு இப்படிப்பட்ட பதிவுகள்தான் காரணம்.

ஓட்டை எடுத்து வெச்சா என்ன தப்பு?

ஆதிச்சநல்லூர்ப் பரம்பு 114 ஏக்கர், பாதுகாக்கப்பட்ட இடம். தரையில் கிடக்கும் ஓட்டை எடுத்து, நல்ல வெளிச்சத்தில் வைத்து ஒரு ரீல்ஸ் போடலாம் என்று தோன்றலாம். படம் அழகாக வரும். ஆனால் அந்த ஓடு தன் முகவரியை இழந்துவிடும். அது எங்கே கிடந்தது என்பதும் வரலாறுதான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

அதனால் நல்ல ஆங்கிள் வேண்டுமா? பானையை நகர்த்தாதீங்க. நீங்க நகருங்க.