பேச்சுக்கு ஒன்று, ஏட்டுக்கு ஒன்று

மேற்படிப்புக்கோ வேலைக்கோ ஜெர்மன் மொழி கற்கும் நம் இளையர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘நேற்று சோறு சாப்பிட்டேன்’ என்று சொல்ல அந்த மொழியில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ‘இஹ் ஹாபெ கெஸ்டெர்ன் ரைஸ் கெகெஸன்’ என்பது ஒன்று. இந்த வடிவத்துக்குப் பெயர் பெர்ஃபெக்ட். ‘இஹ் ஆஸ் கெஸ்டெர்ன் ரைஸ்’ என்பது மற்றொன்று; அது பிரெட்டேரிட்டும். எதைச் சொல்வது?

இங்கே நாம் பள்ளியில் படித்த ஆங்கிலம் குறுக்கே வந்து நிற்கும். ‘ஐ ஏட்’, ‘ஐ ஹேவ் ஈட்டன்’ இரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றல்ல. ‘யெஸ்டர்டே’ என்று சொல்லிவிட்டால் ‘ஹேவ் ஈட்டன்’ வரக்கூடாது. இந்தக் கணக்கு ஜெர்மனில் செல்லாது. நேற்று, போன மாதம், பத்து ஆண்டுக்கு முன்பு என எதற்கும் அங்கே பெர்ஃபெக்ட் பொருந்தும். பெரும்பாலும் வேறுபாடு காலத்தில் இல்லை. பேசுகிறோமா, எழுதுகிறோமா என்பதில்தான் இருக்கிறது.

இது நமக்குப் பழகிய சங்கதிதான். ‘அமைச்சர் கூறினார்’ என்று வானொலியில் செய்தி வாசிப்பவர், ஒலிப்பதிவு அறையை விட்டு வெளியே வந்ததும் ‘அமைச்சர் சொன்னாரு’ என்றுதான் பேசுவார். வீட்டில் அம்மாவிடம் ‘நான் உணவு உண்டேன்’ என்று சொன்னால் பிழையில்லை. ஆனால் அம்மா சிரித்துவிடுவார். அன்றாடப் பேச்சில் ‘இஹ் ஆஸ்’ என்பதும் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கும்.

நாவல், செய்திக் கட்டுரை, கிரிம் சகோதரர்கள் 1812ல் வெளியிடத் தொடங்கிய கதைகள் போன்றவற்றில் பிரெட்டேரிட்டும் ஆட்சி செய்கிறது. நம் ‘ஒரே ஒரு ஊரில்’ போல அவர்கள் கதை தொடங்கும் ‘எஸ் வார் ஐன்மால்’ என்ற தொடரும் அதே வடிவம்தான். செய்திகளில் இரண்டும் கலந்து வருவதைக் கேட்கலாம். பல சமயம் முதல் வாக்கியம் பெர்ஃபெக்டில் இருக்கும். விவரங்கள் பிரெட்டேரிட்டுமில் தொடரும்.

விதிவிலக்கான சில சொற்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘இருந்தேன்’ என்பதற்கு ‘வார்’, ‘என்னிடம் இருந்தது’ என்பதற்கு ‘ஹாட்டெ’, ‘முடிந்தது’ என்பதற்கு ‘கொன்டெ’, ‘செய்ய வேண்டியிருந்தது’ என்பதற்கு ‘முஸ்டெ’. இவை பிரெட்டேரிட்டும் வடிவங்கள் என்றாலும் பேச்சிலும் தாராளமாக வரும்.

ஊருக்கு ஊர் வழக்கும் மாறும். வடக்கு ஜெர்மனியில் பேச்சிலும் பிரெட்டேரிட்டும் ஓரளவு காதில் விழும். தெற்கே போகப் போக அது குறையும். சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேச்சுவழக்கில் அது அறவே இல்லை.

பெர்ஃபெக்ட் அமைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான வினைகளுக்கு ‘ஹாபெ’ துணைவரும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவது, நிலை மாறுவது போன்றவற்றுக்கு ‘பின்’ வரும். ‘ஈப்போவுக்குப் போனேன்’ என்றால் ‘இஹ் பின் நாஹ் ஈப்போ கெஃபாரன்’. முக்கிய வினை கடைசியில் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? தமிழருக்கு அது சொந்த வீடு மாதிரி.

வேலை நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீங்கள் மூன்று ஆண்டுகளாகப் பினாங்கில் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் ஒர்க்ட்’ என்போம். அதை அப்படியே ‘இஹ் ஹாபெ டிரை யாரெ இன் பினாங் கெஆர்பைட்டெட்’ என்று மாற்றினால், அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்றே எதிரில் இருப்பவர் நினைப்பார். இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால் நிகழ்காலத்தில் ‘இஹ் ஆர்பைட்டெ ஸைட் டிரை யாரன் இன் பினாங்’ என்று சொல்ல வேண்டும். ‘மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன்’ என்று நாம் சொல்வதும் நிகழ்காலத்தில்தானே? இந்த இடத்தில் ஆங்கிலத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தமிழில் யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் பேசும்போது பெர்ஃபெக்டையே பிடித்துக்கொள்ளுங்கள். ‘வார்’, ‘ஹாட்டெ’ இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரெட்டேரிட்டுமை முதலில் வாசித்துப் புரிந்துகொண்டால் போதும். எழுதுவது பிறகு வரும். இன்றிரவு தூங்கப் போகுமுன், காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று ஐந்தே வாக்கியங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்களேன்.