குக்கரில் மெத்தென்ற வெனிலா கேக்

டிசம்பர் பிறந்துவிட்டால் கொல்கத்தாவில் கேக் மணம்தான். வங்காளிகள் 'பொரோதின்', அதாவது பெரிய நாள், என்று சொல்லும் கிறிஸ்துமஸுக்கு மத வேறுபாடின்றி வீட்டுக்கு வீடு கேக் வாங்குகிறார்கள். பாக்தாத் யூதரான நாஹூம் 1902இல் தொடங்கிய வியாபாரம் 1916 முதல் நியூ மார்க்கெட்டில் கடையாக நடந்து வருகிறது. டிசம்பரில் அதன் வாசலில் நீளும் வரிசையே இந்நகரத்தாரின் கேக் பிரியத்துக்குச் சாட்சி.

நம்மவர் வீடுகளில் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று விலை, மற்றொன்று முட்டை. பக்கத்து வீட்டார் அன்போடு அனுப்பும் கேக்கை முட்டை சேர்க்காத குடும்பத்துக் குழந்தைகள் ஏக்கத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. வந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்பவும் இல்லத்தரசிகளுக்கு மனம் வருவதில்லை.

ஓவன் இல்லையே என்று தயங்க வேண்டாம். மத்திய கொல்கத்தாவில் பல குடும்பங்கள் மாவும் சர்க்கரையும் உலர்ந்த பழங்களும் எடுத்துக்கொண்டு சிறு பேக்கரிகளுக்குப் போய், கூலி கொடுத்துக் கேக் சுட்டு வருவது நெடுநாளைய வழக்கம். நமக்கோ ஒரு பழைய குக்கரே போதும். அடி கனத்த, மூடியுள்ள அலுமினியப் பாத்திரமும் உதவும்.

தேவையானவை

மைதா ஒன்றரை கப், புளித்த கெட்டித் தயிர் 1 கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், மணமில்லாத சமையல் எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. எல்லாவற்றுக்கும் ஒரே கப் (சுமார் 240 மி.லி.) இருக்கட்டும்.

தயிர் வாங்கும்போது கவனம் தேவை. இனிப்புக் கடையில் வெறுமனே 'தொய்' என்றால் மிஷ்டி தொய் கொடுத்துவிடக்கூடும். 'டோக் தொய்' என்று கேளுங்கள். புளிப்பு இருந்தால்தான் சோடா பொங்கிக் கேக் எழும்பும்.

செய்முறை

குக்கரின் அடியில் ஒன்றரை கப் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள்.

அதற்குள் தயிரையும் சர்க்கரையும் கரையும்வரை அடித்து, பேக்கிங் பவுடரும் சோடாவும் சேர்த்து 5 நிமிடம் விடுங்கள். நுரைத்ததும் எண்ணெய், எசென்ஸ், உப்பு சேருங்கள். சலித்த மைதாவை மூன்று தவணையாகப் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். எண்ணெய் தடவி மாவு தூவிய 7 அங்குலத் தட்டில் பாதியளவுக்குச் சற்று மேல் ஊற்றி, உடனே குக்கரில் வையுங்கள். சிறு தீயில் 40 முதல் 50 நிமிடம் ஆகும். முதல் 35 நிமிடம் திறக்க வேண்டாம்.

உலராமல் இருக்க

இட்லி மாவைப் போல் இதை அடிக்கக் கூடாது. அடிக்க அடிக்க மைதாவில் பசைத்தன்மை கூடிக் கேக் ரப்பராகிவிடும். சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைப்பது. ஆகவே இனிப்பைக் குறைக்கிறேன் என்று பாதியாக்க வேண்டாம். வெண்ணெய் டிசம்பர் குளிரில் இறுகிவிடும், எண்ணெய் இறுகாது. அதனால் மறுநாளும் கேக் மெத்தென்றிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நேரம். நடுவில் குச்சியைச் செருகி எடுத்தால் ஈரமாவு ஒட்டக் கூடாது. ஓரிரு துகள் ஒட்டினால் பாதகமில்லை. அப்போதே இறக்கிவிடுங்கள். 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று விட்டு வைப்பதால்தான் பெரும்பாலான கேக்குகள் காய்ந்துபோகின்றன. நன்றாக ஆறிய பிறகே வெட்டி, மூடிய டப்பாவில் வையுங்கள்.

இந்தப் பொரோதினுக்குப் பக்கத்து வீட்டுத் தட்டில் நம் வீட்டுக் கேக்கும் நாலு துண்டு போகட்டுமே!