உயிரியல் கற்கப் புகுவோரும் விடுமுறைக் காலமும்

கல்விப் பொதுத் தராதரச் சாதாரண தரப் பரீட்சை முடியும் நாளுக்கும் உயர்தர வகுப்புத் தொடங்கும் நாளுக்கும் இடையே மாணவர்க்குச் சில திங்கள் ஓய்வாக வாய்க்கின்றன. பள்ளிப் பருவத்தினுள் இத்துணை நீண்ட ஓய்வு பிறிதொருமுறை கிட்டுவது அரிது. உயர்தரத்தில் உயிரியலைப் பயில விரும்பும் மாணவர் இக்காலத்தை எவ்வாறு பயன்படுத்தல் தகும் என்பது ஈண்டு ஆராயப்படுகின்றது.

இதுபற்றி இரு கருத்துக்கள் வழங்குகின்றன. பரீட்சைக்காக இரவுபகல் உழைத்த பிள்ளை ஓய்ந்திருக்கட்டும் என்பது ஒன்று. பரீட்சை முடிந்த மறுவாரமே தனியார் வகுப்பிற் சேர்ந்து, பாடத்திட்டத்தின் முதல் அலகுகளைப் பள்ளி தொடங்குமுன் முடித்துவிடல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னையதில் நியாயம் உண்டு. இரண்டொரு வாரம் ஓய்ந்திருத்தல் எவர்க்கும் நன்றே. பின்னையது போட்டியின் அச்சத்தாற் பிறந்தது. அவ்வச்சமும் காரணமற்றதன்று. ஆயினும் உயிரியல் என்னும் பாடத்தின் இயல்பை நோக்குமிடத்து, இவ்விரண்டினும் சிறந்த மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பது புலனாகும்.

2000ஆம் ஆண்டுப் பரீட்சைச் சீர்திருத்தத்துக்கு முன்னர்த் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக இருந்தன. அவை இரண்டும் இணைந்து ஒரே பாடமாயின பின்னர், மூலக்கூறு முதல் சூழற்றொகுதி வரை யாவும் ஒரு பாடத்துள் அடங்கின. முதல் வினாத்தாளின் 50 பல்தேர்வு வினாக்களுள் ஒன்று தாவரத்தின் இலைவாய் பற்றியதாக இருக்கும். அடுத்தது மனிதனின் சிறுநீரகம் பற்றியதாக இருக்கும். இத்துணைப் பரப்பையும் மனனத்தால் மட்டும் கைக்கொள்ள முயல்வோர் இடைவழியில் இளைத்துவிடுகின்றனர். அவர் இளைப்பதற்குப் பாடத்தின் அளவு மட்டும் காரணமன்று. பொருளைக் காணுமுன் அதன் பெயரைக் கற்றதே முதன்மையான காரணம். பிரசாரணம் என்பதன் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவர், உப்பிட்டுப் பிசறிய பாகற்காய் ஏன் நீர்விடுகின்றது என்ற வினாவுக்கு விடை கூறத் தயங்குதல் உண்டு. சொல் அவரிடம் உண்டு, பொருள் இல்லை. விடுமுறை செய்யத்தக்க தொண்டு இக்குறையை நீக்குவதேயாகும்.

முதலாவது பயிற்சி கண்ணுக்குரியது. ஒரு சாதாரணச் செவ்வரத்தைப் பூவை எடுத்து நெடுக்காகப் பிளந்து நோக்குக. புல்லிகளும் ஐந்து அல்லிகளும், கேசரங்கள் ஒன்றிணைந்து உண்டாக்கிய குழாயும், அதனூடே சென்று நுனியில் ஐந்து குறிகளாகப் பிரியும் தம்பமும், அடியிலே சூலகமும் தெரியும். சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் அறைகளை எண்ணலாம். பின்னர் ஓர் அடுக்குச் செவ்வரத்தையை இவ்வாறே பிரித்துப் பார்த்தால், கேசரங்கள் சில அல்லிபோல் விரிந்திருப்பது காணப்படும். இது எதனால் என்ற வினா அப்பொழுதே மனத்தில் எழும். அவ்வினாவோடு வகுப்புக்குச் செல்பவர்க்குப் பூவின் அமைப்புப்பற்றிய பாடம் புதிதன்று. ஆயினும் அவரே அதனை ஆவலோடு கேட்பவராவர்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பனையினும் சிறந்த பாடநூல் இல்லை. ஆண்மரமும் பெண்மரமும் வேறுவேறாக இருத்தலை வேலியோரத்திலேயே காணலாம். நுங்காக உண்ணப்படுவது இளம் வித்தின் வித்தகவிழையமாகும். முற்றிய பனங்கொட்டை பாத்தியில் முளைக்கும்போது, உள்ளே பஞ்சுபோல் வளரும் பூரான் அவ்வித்தகவிழையத்தின் உணவை உறிஞ்சும் வித்திலைப் பகுதியாகும். முளை நிலத்தினுள் இறங்கி, பெற்ற மாப்பொருளைச் சேமித்துக் கிழங்காகத் திரளுகின்றது. வித்து முளைத்தல், உணவுச் சேமிப்பு, ஒருவித்திலைத் தாவரத்தின் இயல்பு ஆகிய பாடங்கள் ஒரு பாத்தியினுள் அடங்கியிருப்பதைக் கிழங்கு பிடுங்கும் காலத்தில் உற்றுநோக்குபவர் அறிவர். கடனீரேரிக் கரையில் வாழ்வோர்க்குக் கண்டல் மரங்களும், சேற்றின்மேல் எழுந்து நிற்கும் மூச்சுவேர்களும் இவ்வாறே உதவும்.

இவ்வாறு உள்ளூர்த் தாவரங்களைத் திரட்டி நோக்குதல் சிறு பிள்ளைகளின் பொழுதுபோக்கென்று எண்ணுதல் தவறு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த போல் ஹெர்மான் என்பவர், இத்தீவின் தாவரங்களைத் திரட்டி உலர்த்திச் சேர்த்தார். அவர் மறைந்து பல்லாண்டுகளின் பின்னர், இலங்கையை ஒருபோதும் கண்டறியாத லின்னேயசு அத்தொகுப்பை ஆராய்ந்து 1747ஆம் ஆண்டில் 'புளோரா செய்லானிக்கா' என்னும் நூலை வெளியிட்டார். 1753ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட மற்றொரு பெருநூலிற் பனைக்குப் பொராசசு பிளாபெலிபர் என்ற ஈருறுப்புப் பெயர் இடம்பெற்றது. தாவரங்களின் இருசொற் பெயரீட்டு முறைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுவது அந்நூலேயாகும். ஆகவே பழைய செய்தித்தாள்களுக்கிடையே இலைகளையும் பூக்களையும் உலர்த்தி, கண்டெடுத்த இடமும் நாளும் குறித்து வைக்கும் மாணவர், அறிவியலின் பழைய பெருவழி ஒன்றிலேயே அடியெடுத்து வைக்கின்றார்.

கண்ட ஒவ்வொன்றையும் வரைதல் வேண்டும். கூரிய பென்சிலால், நிழற்றீட்டாது, தெளிந்த ஒற்றைக் கோடுகளால் வரைந்து, ஒன்றையொன்று வெட்டாத கோடுகளாற் பகுதிகளைப் பெயரிடுதல் முறை. அழகு ஈண்டு வேண்டப்படுவதன்று, உண்மையே வேண்டப்படுவது. வரையத் தொடங்கியபின்னரே தாம் பாராது விட்டவை எவை என்பது மாணவர்க்குத் தெரியவரும். ஒரு கைவில்லையும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் இதற்குப் போதும்.

இரண்டாவது பயிற்சி அளவுக்குரியது. வெறுங்கண்ணால் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் வரையே பிரித்தறிய முடியும். ஒரு மில்லிமீற்றரில் 1000 மைக்கிரோமீற்றர் உண்டு. மனிதனின் செங்குருதிக் கலம் 7 முதல் 8 மைக்கிரோமீற்றர் விட்டமுடையது. கலங்கள் ஏன் இவ்வளவு சிறியனவாக உள்ளன என்பதற்கு ஒரு சிறு கணக்கு விடை தரும். பக்கம் 1 சென்ரிமீற்றர் உள்ள கனவுருவின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். கனவளவு 1 கன சென்ரிமீற்றர். பக்கத்தை 2 ஆக்கினால் மேற்பரப்பு 24, கனவளவு 8. பக்கத்தை 4 ஆக்கினால் மேற்பரப்பு 96, கனவளவு 64. அதாவது ஒரு பங்கு கனவளவுக்குரிய மேற்பரப்பு 6, 3, 1.5 எனக் குறைந்துகொண்டே செல்கின்றது. உணவும் ஒட்சிசனும் மேற்பரப்பின் வழியாகவே கலத்தினுள் புகவேண்டியிருத்தலின், பெருத்த கலம் பட்டினி கிடக்கும். வேர்மயிர்களும், நுரையீரற் சிற்றறைகளும், சிறுகுடலின் சடைமுளைகளும், மீன் சுவாசிக்கும் பூக்களும் மேற்பரப்பைப் பெருக்குதற்கு அமைந்த வழிகளே. ஐந்து அலகுகளில் வரும் செய்திகளை ஒரு கணக்குப் பிணித்துவிடுகின்றது.

சமையலறையிற் செய்யத்தக்க சோதனையும் ஒன்று உண்டு. உருளைக்கிழங்கை 5 சென்ரிமீற்றர் நீளமான கீலங்களாக வெட்டி, சிலவற்றை நன்னீரிலும் சிலவற்றைச் செறிந்த உப்புநீரிலும் இட்டுச் சில மணி நேரத்தின் பின் அளந்து பார்க்க. நன்னீரிற் கிடந்தவை விறைத்துச் சற்று நீண்டிருக்கும். உப்புநீரிற் கிடந்தவை தளர்ந்து குறுகியிருக்கும். பெற்ற அளவுகளை அட்டவணையாக எழுதிக் காரணத்தைத் தம் சொற்களில் இரண்டு வாக்கியங்களாகக் கூறக் கற்றவர்க்குப் பிரசாரணம் பின்னர் மறவாது.

மூன்றாவது, சிறிது இரசாயனவியல். உயர்தர உயிரியலின் தொடக்கத்திலேயே உயிரின் இரசாயன அடிப்படை வந்து நிற்கும். பலர் முதலில் இடறுவதும் அங்கேதான். நீர் மூலக்கூறின் முனைவுத்தன்மை, ஐதரசன் பிணைப்பு, காபன் நான்கு பிணைப்புக்களை ஆக்கும் இயல்பு, அமிலமும் காரமும் ஆகிய நான்கையும் சாதாரண தர நூலிலிருந்து மீட்டுக் கற்றல் நன்று. இரண்டு குளுக்கோசு மூலக்கூறுகள் ஒரு நீர் மூலக்கூறை இழந்து இணைய மோற்றோசு உண்டாகின்றது என்பதனைத் தாளில் எழுதிப் பார்த்தவர், மாப்பொருளும் புரதமும் ஆகும் முறையை எளிதில் உணர்வர்.

நான்காவது, கலைச்சொல். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் நூல்களைத் தமிழாக்கியும் காட்டிய நாள் முதலாக இத்துறையில் தமிழ் வளம் பெற்று வந்துள்ளது. கலம், இழையம், நொதியம், நிறமூர்த்தம், ஒளித்தொகுப்பு என்பன இன்று பள்ளிதோறும் வழங்குகின்றன. ஆயினும் மருத்துவ பீடத்திற் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நிகழ்தலின், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லின் எதிரிலும் அதன் ஆங்கிலப் பெயரை எழுதி வைத்து, நாளொன்றுக்கு ஐந்து சொல் வீதம் பயிலும் வழக்கம் இவ்விடுமுறையிலேயே தொடங்கத்தக்கது. தமிழிற் பொருளை விளங்கி, ஆங்கிலத்திற் பெயரை அறிந்தவர் பின்னர் இடர்ப்படார்.

இந்நான்கு பயிற்சிக்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே போதும். பணச்செலவும் மிகச் சிறிது. தனியார் வகுப்புக்குக் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளையும், பேருந்து அருகிய ஊரில் வாழும் பிள்ளையும் இவற்றைத் தம் வளவிலேயே செய்யலாம். நகரத்துப் பிள்ளைக்கு இல்லாத வயலும் குளமும் அவர்க்கு மிகுதியாக உண்டு. குறிப்புக்களை முன்கூட்டி மனனஞ் செய்தவர் முதற்றவணையில் முந்துதல் கூடும். கண்டும் வரைந்தும் அளந்தும் பழகியவர் இரண்டாண்டும் தளராது நடப்பர்.

பெற்றோர் கருதவேண்டியதும் ஒன்று உண்டு. மருத்துவராதல் என்னும் விருப்பம் பல வீடுகளிற் பிள்ளையினதன்று, பெரியோரதேயாகும். அத்துறைக்கு உயிரியலோடு இரசாயனவியலும் பௌதிகவியலும் வேண்டும், இடங்களோ சில. ஒரு பூவைப் பிரிக்கவும், முளைக்கும் பயற்றை நாள்தோறும் பார்த்துக் குறிக்கவும் மனங்கொள்ளாத பிள்ளை, வேறு துறையிற் சிறந்து விளங்கக்கூடும். அதனை இரண்டாண்டு கழிந்து பரீட்சைப் பெறுபேற்றால் அறிதலினும், விடுமுறையின் சில வாரங்களில் அறிதல் நன்று. ஆகவே பாடத்தெரிவுப் படிவத்தை நிரப்புமுன் அப்பிள்ளையின் கொப்பியைப் பெற்றோர் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக. பக்கங்கள் நிரம்பியிருந்தால் உயிரியலில் அவரைத் துணிந்து சேர்க்கலாம். வெறுமையாக இருந்தால் அவருடைய விருப்பம் யாது என்பதை அவரிடமே கேட்டறிதல் தகும்.