பெயர் வெட்டிய பாத்திரம்: தைப்பிங்கில் பழம்பொருள் தேடுவோருக்கு

பழம்பொருள் தேடிக் காலையில் ஒரு சிற்றூருக்குச் சென்று பொழுது சாயுமுன் வீடு திரும்பும் வழக்கம் இன்று மலேசியாவில் பலரிடம் காணப்படுகின்றது. பேராக் மாநிலத்தில் அவ்வாறு செல்லத்தக்க ஊர்களுள் தைப்பிங்குக்குத் தனியிடம் உண்டு. ஈப்போவிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மின்சார இரயிலில் செல்வோர் புக்கிட் பெராப்பிட் மலையை 3.3 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே கடந்து, மறுபுறம் மழை நனைத்த பச்சை நிலத்தில் வெளிப்படுவர். இத்தகைய பயணத்தில் தமிழர் ஒருவர் எதைத் தேடலாம், தேடிக் கண்டதை எவ்வாறு படிக்கலாம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதலில், பழம்பொருள்கள் இவ்வூரில் தங்கியதேன் என்பதைப் பார்க்க வேண்டும். லாருட் எனப்பட்ட இவ்வட்டாரத்தில் ஈயம் இருப்பது 1848 ஆம் ஆண்டளவில் லோங் ஜாபார் என்னும் மலாய்த் தலைவரால் அறியப்பட்டது. ஈயத்தைத் தோண்டச் சீனர் திரளாக வந்தனர். கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு சீனக் கூட்டத்தாரும் 1861 முதல் 1874 வரை பன்முறை மோதிக்கொண்டனர். 1874 ஜனவரி 20 ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்பின் ஊருக்கு வந்த பெயரே 'தைப்பிங்'. பேரமைதி என்பது அச்சீனச் சொல்லின் பொருள். 1883 இல் பேராக் அருங்காட்சியகம் இங்கே தோன்றிற்று; இந்நாட்டின் முதல் அருங்காட்சியகம் அதுவே. 1885 ஜூன் 1 ஆம் நாள் இந்நாட்டின் முதல் இரயில் இங்கிருந்து கடற்கரையிலுள்ள போர்ட் வெல்டுக்கு ஓடியது. அப்பாதையை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து வருவிக்கப்பட்ட பயனியர் படைப்பிரிவினர். அவர்களை அடுத்து யாழ்ப்பாணத் தமிழர் இரயில்வே அலுவலர்களாகவும், தமிழகத்தார் தோட்டத் தொழிலாளராகவும் இவ்வட்டாரத்தில் பெருகினர்.

1937 இல் மாநிலத் தலைநகர் ஈப்போவுக்கு மாறிற்று. அரசும் பெருவாணிகமும் அங்கே சென்றபின், தைப்பிங்கில் பழைய கடைவீடுகளை இடித்துக் கட்ட வேண்டிய அவசரம் குறைந்தது. ஊருக்கு இழப்பாய் அமைந்த இதுவே பழம்பொருள் தேடுவோர்க்கு ஆதாயமாயிற்று. இடிக்காத வீட்டின் மாடியிலும் பின்கட்டிலும் எதுவும் கிடக்கும்.

ஆயினும் எல்லாம் தப்பிப் பிழைப்பதில்லை. மலேசியத் தீபகற்பத்தில் மிகுதியாக மழை பெய்யும் ஊர் தைப்பிங். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் பெய்யும். தாள் பூஞ்சணம் பூக்கும், தகரம் துருவாகும், மரத்தைச் செல் அரிக்கும். எஞ்சுவன கண்ணாடி, பீங்கான், வெள்ளி, பித்தளை. பழம்பொருள் கூடும் சந்தைகளை மலாய் மக்கள் 'பாசார் காராட்' என்பர். துருச் சந்தை என்பது அதன் பொருள். காரணப் பெயராகவே தோன்றுகின்றது.

நாணயம் தேடுவோர்க்கு வேலை எளிது. நாணயத்தில் ஆண்டு உண்டு. அரசர் தலை உண்டு. எடைக்குக் கணக்கும் உண்டு. 1903 இல் பம்பாய் அக்கசாலையில் அடிக்கத் தொடங்கிய நீரிணைக் குடியேற்ற நாடுகளின் வெள்ளி டாலர் ஏறத்தாழ 26.95 கிராம் எடையுள்ளது. பின்னர் வெள்ளியின் விலை ஏறியதால், உருக்கினால் கிடைக்கும் விலை நாணயத்தின் மதிப்பை மிஞ்சும் நிலை வந்தது. எனவே 1907 இல் நாணயத்தைச் சிறிதாக்கினர். ஆகவே சிறிய தராசு ஒன்றும் காந்தம் ஒன்றும் சட்டைப்பையில் இருப்பின் போலிகளுள் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிடலாம். வெள்ளியில் காந்தம் ஒட்டாது. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, வழங்கிய வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளித் தாள் பலரும் விரும்பி வாங்குவது. அளவின்றி அச்சிடப்பட்டுப் போர் முடிந்ததும் வெற்றுத்தாளாய்ப் போனதாதலின், அதற்குப் பெருவிலை கொடுப்பது பேதைமை. பழைய சிங்கர் தையல் இயந்திரமும் தன் வயதைத் தானே சொல்லும். அதன் எண், 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தை முதலாகக் கொண்ட இரண்டெழுத்துகளோடு தொடங்குமாயின், அது 1935 இலோ அதற்குப் பின்னரோ ஸ்காத்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் செய்யப்பட்டது.

இவற்றையெல்லாம் யாரும் படிக்கலாம், விலைப்பட்டியல்களும் உண்டு. தமிழறிந்தார் மட்டுமே படிக்கத்தக்க பொருளொன்று அதே கடைகளில், பெரும்பாலும் கீழ்த்தட்டில், எடைக்கு விற்கப்படும் நிலையில் கிடக்கின்றது. அதுதான் பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரம்.

செம்பு, குடம், தாம்பாளம், கிண்ணம், குத்துவிளக்கு ஆகியவற்றில் உடையவர் பெயரை வெட்டுவித்துக்கொள்வது தமிழர் குடும்பங்களின் பழைய வழக்கம். பாத்திரக் கடையிலேயே ஒருவர் சிற்றுளியும் சுத்தியுமாக அமர்ந்து, புள்ளி புள்ளியாய்த் தட்டி எழுத்துகளை அமைப்பார். கலியாண வீட்டில் பாத்திரம் இரவல் போய் மாறிவிடாதிருத்தலே முதற் காரணம். சீர்வரிசைப் பாத்திரமாயின் பெண்ணின் பெயர் இருக்கும். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். சிலவற்றில் ஊரும் நாளும் சேரும். ஒரே பாத்திரத்தில் இரண்டு கையெழுத்துகளில் இரண்டு பெயர்கள் காணப்படின், தாய் வீட்டுப் பாத்திரம் மகளுக்குச் சென்றிருக்கலாம் என்று கருத இடமுண்டு. எழுத்தே புள்ளிகளால் ஆனதாகையால் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி அதனோடு கலந்து மறைவதுண்டு. சாய்வான வெளிச்சத்தில் பாத்திரத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தால் அது தெளிவாகும்.

நாளைப் படிப்பதில்தான் சிக்கல். ஆங்கில ஆண்டு வெட்டியிருந்தால் ஐயமில்லை. தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருப்பின், அப்பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவது. எடுத்துக்காட்டாகத் 'தாது வருஷம்' என்று ஒரு செம்பில் இருப்பதாகக் கொள்வோம். அது 1876 ஆம் ஆண்டுச் சித்திரையில் தொடங்கிய தாதுவா, 1936 ஆம் ஆண்டுச் சித்திரையில் தொடங்கிய தாதுவா? முன்னது, தென்னாட்டில் இலட்சக்கணக்கான மக்களை மாய்த்த தாது வருஷப் பஞ்சம் பிறந்த ஆண்டு. பின்னது, மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழர் நிறைந்திருந்த காலம். தொழிலாளர் உதவிப் பயணத்தை இந்திய அரசு தடை செய்த 1938 க்குச் சற்று முந்தியது. தைப்பிங்கில் கிடைத்தமையால் 1936 என்றே துணியத் தோன்றும். ஆனால் கடல் கடந்து வந்தவர், பாட்டியின் செம்பைத் தகரப் பெட்டியில் வைத்துக் கொணர்ந்திருக்கவும் கூடும் அன்றோ?

ஆகவே பிற சான்றுகள் வேண்டும். உட்புறம் விரலால் தடவினால் சுத்தி அடித்த குழிகள் தட்டுப்படின், அது கையால் அடித்துச் செய்தது. ஒழுங்கான வட்டக் கோடுகள் தென்படின் இயந்திரத்தில் சுழற்றிச் செய்தது. எவர்சில்வர் ஆயின் 1876 என்ற பேச்சே எழாது. அவ்வுலோகம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. எழுத்தின் வடிவமும் துணை செய்யும். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு இருந்த பழைய கொம்பு வடிவத்தையும், ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழி வடிவத்தையும் நீக்கித் தமிழ்நாட்டரசு ஆணையிட்டது 1978 இல். புது வடிவம் இருப்பின் அப்பாத்திரம் அவ்வளவு பழமையானதன்று எனப் பெரும்பாலும் கொள்ளலாம். பெரியார் 1935 முதலே தம் இதழில் அவ்வடிவங்களைக் கையாண்டமையால் விதிவிலக்கும் உண்டு. பழைய வடிவம் இருப்பது கொண்டு மட்டும் ஒன்றும் துணிய முடியாது. பழகிய கை எளிதில் மாறுவதில்லை.

இவ்வளவு ஆராய்ச்சிக்கும் அடிப்படையானது விளிம்பிலுள்ள சில புள்ளிகள். அவற்றுக்குத்தான் இன்று கேடு வந்துள்ளது. பளபளப்பான பித்தளைக்கு விலை கூடுதல். எனவே விற்போர் சுழல் இயந்திரத்தில் வைத்து மெருகேற்றுகின்றனர். ஆழமில்லாத புள்ளிகள் தேய்ந்து போகின்றன. சில பாத்திரங்கள் உடைந்த உலோகத்தோடு எடைக்குப் போய் உருகுகின்றன. கடைக்காரரைக் குறை கூறுவதில் பயனில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது; அவர் கண்ணுக்கு அவை கீறல்கள். வாங்குவோரிலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, யாருடைய பெயரோ என்று வைத்துவிட்டுப் போவது வருந்தத்தக்கது.

இப்பாத்திரங்கள் கடைக்கு வந்த வழியையும் நினைக்க வேண்டும். 1950 களின் இறுதியிலும் 1960 களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் குடும்பங்கள் பல வெளியேறின. அத்துயரைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அடுத்து வீட்டுமனைகளும் தொழிற்சாலைகளும் வந்தன. லயத்து வீட்டை ஒழித்துக் கொடுத்து நகரத்து அடுக்குமாடியில் குடியேறும் நாளில், லாரியில் ஏறுவது தொலைக்காட்சியும் கட்டிலும். நாற்பது படி அண்டாவும், பால் வாளியும், மங்கும், பால்வெட்டுக் கத்தியும் பழைய இரும்புக்காரரிடம் போயின. அண்டாவை வைக்க அடுக்குமாடியில் இடமேது?

பெயருக்கு முன் 'உபயம்' என்ற சொல் வெட்டியிருப்பின் அதனை வேறாகக் கருத வேண்டும். அது கோயிலுக்கு ஒருவர் கொடுத்த பொருள். தோட்டம் மூடப்பட்டுக் கோயில் இடம் பெயர்ந்தபோது விற்கப்பட்டிருக்கலாம், களவும் போயிருக்கலாம். கோயிலின் பெயரோ தோட்டத்தின் பெயரோ இருப்பின், வாங்குமுன் அங்குள்ளாரைக் கேட்டறிதல் முறை. இந்நாட்டில் 1946 ஆம் ஆண்டின் பழம்பொருள் வாணிகர் சட்டம், இத்தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்றும், வாங்கும் பொருள்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் விதித்துள்ளது. களவைத் தடுக்க எழுந்த சட்டம் இது. ஆனால் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அறிய ஆராய்ச்சியாளனுக்கும் அப்பதிவேடே துணை. மண்ணில் புதைந்து கிடந்து கிடைத்த பழம்பொருளாயின், 2005 ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் குறுக்கிடும். அதனை அரசுக்குத் தெரிவிக்காமல் விற்பதும் வாங்குவதும் தவறு.

எங்கிருந்து வந்தது என்பது தெரியாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு, உலகறிந்த தமிழ்ப் பழம்பொருள் ஒன்றே சான்று. 1836 ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலன்சோ என்னும் பாதிரியார் நியூசிலாந்தில் மாவோரிப் பெண்கள் உடைந்த வெண்கல மணியொன்றைக் கவிழ்த்துப் பிடித்து உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதனை மாற்றிக்கொண்டார். சரியாகச் சொன்னால் அதுவும் பழம்பொருள் வாணிகமே. அதன் விளிம்பில் ஓடிய எழுத்து தமிழ் என்றும், முகையதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி அது என்றும் பின்னர்த் தெளிவாயிற்று. மணி இன்று வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. காற்றில் சாய்ந்த பெருமரத்தின் வேரடியில் கிடைத்தது என்று அம்மக்கள் கூறியது மட்டுமே எஞ்சிற்று. அம்மரம் நின்ற இடத்தை எவரும் குறித்து வைக்கவில்லை. ஆகவே பெயர் தெரிந்தும், அக்கப்பல் அங்கே சென்றதா, உடைந்து மிதந்து வந்ததா, மணி மட்டும் கைமாறி வந்ததா என்னும் வழக்கு இன்றளவும் தீரவில்லை.

தைப்பிங்கில் அவ்விடர் இல்லை. கேட்டால் சொல்லக்கூடியவர் இன்னும் உளர். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, எந்த ஆண்டு வாங்கியது, உடன் வேறு என்ன வந்தன என்று கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்டு, விடையைத் தாளில் எழுதிப் பாத்திரத்துக்குள் போட்டு வைத்தல் வேண்டும். தகரப் பெட்டி வாங்குவோர் அடியில் விரித்த செய்தித்தாளைக் கிழித்தெறிதல் கூடாது. 1924 இல் தொடங்கி 2019 இல் நின்றுபோன 'தமிழ் நேச'னின் ஏடொன்று அங்கே கிடந்தால், பெட்டி எந்நாள் வரை பயன்பட்டது என்பதற்கு அதுவே குறிப்பு. பித்தளையைப் புளியிட்டுத் துலக்கினால் போதும். சுழல் இயந்திரம் வேண்டா. துலக்குமுன் பெயரைப் படமெடுத்துக்கொள்ளல் நன்று. வாங்கப் பொருள் இல்லாதவரும் படமெடுக்கலாம், அதற்குக் காசில்லை.

சந்தை பார்த்து முடிந்து பொழுது எஞ்சினால், பழைய போர்ட் வெல்டுக்குச் சென்று வரலாம். இன்று அவ்வூரின் பெயர் கோலா செப்பெத்தாங். முதல் இரயில் சென்று நின்ற அவ்விடத்தில் தண்டவாளம் இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை தெருவோரத்தில் நிற்கின்றது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகிய எழுத்துகளோடு தமிழிலும் ஊரின் பழைய பெயர் அதில் எழுதப்பட்டுள்ளது. அருகிலுள்ள கடைகளில் மீனும் நண்டும் விற்கின்றனர். மாலை மழைக்கு முன் திரும்பிவிடுவது நல்லது.