வலையமைப்புப் பகுப்பாய்வியைத் தேர்ந்தெடுத்தல்

வலையமைப்புப் பகுப்பாய்வி என்பது வலையமைப்பில் செல்லும் தரவுப் பொதிகளைப் பிடித்து, அவற்றின் நெறிமுறைகளைப் பிரித்துக் காட்டும் மென்பொருள் அல்லது கருவி ஆகும். இது பாக்கெட் ஸ்னிஃபர் எனவும் அழைக்கப்படுகிறது. குறும்பரப்பு வலையமைப்பு ஒன்று மெதுவாக இயங்கினால் அதற்குக் கேபிள், சுவிட்ச், டிஎன்எஸ் வழங்கி, பயன்பாட்டு மென்பொருள் என எதுவும் காரணமாக இருக்கலாம். பொருந்தாத பகுப்பாய்வியைக் கொண்டு தேடினால் பழுது கண்ணில் படாமலே போய்விடும்.

வரலாறு

நெட்வொர்க் ஜெனரல் நிறுவனத்தின் ஸ்னிஃபர் 1986 இல் விற்பனைக்கு வந்தது. டிசிபிடம்ப் என்னும் கட்டளைவரி மென்பொருள் 1988 இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவானது. ஜெரால்டு கோம்ப்ஸ் 1998 இல் வெளியிட்ட ஈத்தரியல், 2006 இல் வயர்ஷார்க் எனப் பெயர் மாறியது. டிசிபிடம்ப், வயர்ஷார்க் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள்கள்.

பழுதின் அடுக்கு

முதலில் பழுது எந்த அடுக்கில் இருக்கக்கூடும் என்று கருத வேண்டும். ஒரே ஐபி முகவரியை இரு கணினிகள் பயன்படுத்துதல், அனுமதியற்ற டிஎச்சிபி வழங்கி, டிஎன்எஸ் தாமதம், டிசிபி மறுஅனுப்பல் ஆகியவற்றை வயர்ஷார்க் போன்ற மென்பொருளே காட்டிவிடும்.

கேபிள் பழுது அவ்வாறன்று. பிழைச் சோதனையில் தவறும் ஈத்தர்நெட் சட்டங்களைப் பெரும்பாலான வலையமைப்பு அட்டைகள் தாமே நிராகரித்துவிடுகின்றன. எனவே அவை மென்பொருளை எட்டுவதில்லை. இங்கு சுவிட்ச் போர்ட்டின் பிழை எண்ணிகளைப் பார்க்க வேண்டும் அல்லது கேபிள் சோதனைக் கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

எடுத்துக்காட்டாக, இணைப்பின் ஒரு முனை முழு இருவழி முறையிலும் மறுமுனை அரை இருவழி முறையிலும் அமைந்திருந்தால், மென்பொருளில் மறுஅனுப்பல்கள் மட்டுமே தெரியும். அரை இருவழி முனையில் தாமத மோதல்களும், முழு இருவழி முனையில் சட்டப் பிழைகளும் கூடுவதைச் சுவிட்ச் எண்ணிகளே காட்டும்.

பிடிக்கும் இடம்

பழைய ஹப், வரும் பொதிகளை எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பியது. சுவிட்ச், உரிய போர்ட்டுக்கு மட்டுமே அனுப்புகிறது. ஆகவே ஏதோ ஒரு போர்ட்டில் மடிக்கணினியைச் செருகினால் அதன் சொந்தப் பொதிகளும் பரப்புச் செய்திகளுமே பெரும்பாலும் கிடைக்கும். பிறருடைய பொதிகளைக் காண, சுவிட்ச்சில் போர்ட் பிரதியெடுப்பு வசதி வேண்டும். அல்லது இணைப்பின் இடையே டாப் எனும் கருவியைப் பொருத்த வேண்டும்.

1 ஜிகாபிட் இணைப்பில் இரு திசைகளும் சேர்ந்து நொடிக்கு 2 ஜிகாபிட் வரை செல்லலாம். அதனை 1 ஜிகாபிட் போர்ட்டில் பிரதியெடுத்தால் நெரிசலின்போது பொதிகள் விடுபடும். அந்த இழப்பை வலையமைப்பின் பழுதாகக் கொள்ளக்கூடாது.

வேகமும் சேமிப்பும்

முழு வேகத்தில் ஒரு திசையில் இயங்கும் 1 ஜிகாபிட் இணைப்பு நொடிக்கு 125 மெகாபைட், நிமிடத்திற்கு 7.5 ஜிகாபைட் தரவைத் தரும். எப்போதாவது தோன்றும் பழுதைப் பிடிக்கப் பின்வரும் வசதிகள் தேவை:

• பிடிக்கும்போதே வேண்டாதவற்றை நீக்கும் வடிகட்டி
• பொதியின் தலைப்பகுதியை மட்டும் சேமித்தல்
• பழைய கோப்பை அழித்துப் புதியதை எழுதும் சுழல் சேமிப்பு

நொடிக்கு 10 ஜிகாபிட் போன்ற வேகங்களில் சாதாரண மடிக்கணினி ஈடுகொடுப்பது அரிது. அங்கு தனி வன்பொருள் பகுப்பாய்வியின் விலைக்குப் பொருள் உண்டு. வைஃபை பழுதுகளுக்குக் கண்காணிப்பு முறையை ஆதரிக்கும் கம்பியில்லா அட்டை தேவை.

வரம்புகள்

குறியாக்கம் செய்யப்பட்ட தரவின் உள்ளடக்கத்தைத் திறவுகோல் இன்றிப் படிக்க இயலாது. எனினும் முகவரிகள், நேர இடைவெளி, மறுஅனுப்பல் ஆகியவை தெரிவதால் பெரும்பாலான பழுதாய்வுக்கு அவையே போதுமானவை. குறியாக்கம் இல்லாத கடவுச்சொற்களும் பதிவில் சிக்கக்கூடும். ஆதலால் வலையமைப்பின் உரிமையாளரிடம் அனுமதி பெற்ற பின்னரே பொதிகளைப் பிடிக்க வேண்டும்; பணி முடிந்ததும் பதிவுக் கோப்புகளை அழித்துவிட வேண்டும்.