ஒரே கல்லின் மேல் ஒரு குடாநாடு

லீவுக்கு வந்து சாவகச்சேரியில் இறங்குகிற பிள்ளைகள், உறவுக்காரர் வீடுகளுக்குப் போய் முடிந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இங்கை எங்கை போய்ப் பார்க்கலாம்?" பதிலும் எல்லார் வாயிலும் தயாராக இருக்கும். கோட்டை, கந்தரோடை, கீரிமலை, நிலாவரை, கசூரினா, மணற்காடு, நெடுந்தீவு. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. வான் பிடித்து இரண்டு மூன்று நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஆனால் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் ஒவ்வொரு இடமும் தனித்தனிப் படமாகத்தான் மிஞ்சுகிறது. இவை அனைத்தையும் கோக்கிற நூல் ஒன்று இருக்கிறது. அதை ஆறுதலாகச் சொல்லலாம். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு இருங்கள். சீனி போடாத பிளேன்ரீ கொஞ்சம் மிச்சம் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த நூல் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. இன்றைக்கு ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 50 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில், ஆழம் குறைந்த கடலில் வாழ்ந்த சிப்பிகளும் முருகைகளும் நுண்ணுயிர்களும் செத்துப் படிந்து இறுகிய கல் இது. வலிகாமத்தில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் கல்லில் முட்டும். அதன் மேல் செம்மண் மெல்லிய போர்வையாகக் கிடக்கிறது. வெங்காயமும் புகையிலையும் அங்கே விளைவது அந்த மண்ணில்தான். நமது தென்மராட்சியில் கல் ஆழத்துக்குப் போய்விட, மேலே மணல் படிந்திருக்கிறது. சாவகச்சேரிச் சந்தையில் பலாவும் மாவும் குவிவதும், கொடிகாமம் தேங்காய்க்குப் பேர் எடுத்ததும் அந்த மணலின் தயவு.

இந்தக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு: தண்ணீரில் கரையும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது கல்லின் வெடிப்புகளில் இறங்கி, இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அவற்றை அரித்துக் குழாய்களாகவும் குகைகளாகவும் ஆக்கியிருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லாததன் காரணம் இதுவே. பேருக்கு ஆறு என்று இருக்கிற வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிற மழையின் பெரும்பங்கு நிலத்துக்குள் போய் நமக்குக் கிணற்றுத் தண்ணீராகிறது.

நிலத்துக்குள் போன தண்ணீர் எங்கே நிற்கிறது? சுற்றிவரக் கடல், கல்லோ துளைகள் நிறைந்தது. கடல்நீரும் அடியால் உள்ளே வந்திருக்கிறது. அப்படியானால் நமது கிணறு ஏன் உப்பாகவில்லை? இப்போது அந்தப் பிளேன்ரீயை எடுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதிக்குத் தண்ணீர் விட்டு உப்பை நன்றாகக் கரையுங்கள். அதற்கு மேல், கரண்டியின் முதுகில் பட்டு வழிகிற மாதிரி, பிளேன்ரீயை மெல்ல மெல்ல விடுங்கள். கலக்காமல் பார்த்தால், கீழே தெளிந்த உப்புநீரும் மேலே சிவந்த தேநீரும் தனித்தனியாக நிற்கும். உப்புநீர் பாரமானது, நல்ல தண்ணீர் அதன் மேல் மிதக்கும். குடாநாட்டின் அடியிலும் இதுதான் நடக்கிறது. நாம் குடிப்பது கடலின் மேல் மிதக்கிற மழை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை மட்டும் மனத்தில் வைத்திருங்கள். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரம் கூடியது. அதனால், நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க நல்ல செய்திதான். ஆனால் அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். பம்ப் போட்டு இறைத்து நீர்மட்டத்தை 1 அடி நிரந்தரமாக இறக்கினால், அடியிலுள்ள உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலே ஏறும். கரையோரக் கிணறுகள் உவராகிற கதை இதுதான்.

இனிப் புறப்படலாம். சாவகச்சேரியிலிருந்து மீசாலைக்குப் போய்ப் புத்தூர் வீதியைப் பிடியுங்கள். வழியில் சரசாலைக் குருவிக்காடு வரும். மாரி முடிகிற காலத்தில் கண்டலும் தரவையும் பறவைகளால் நிறைந்திருக்கும். புத்தூருக்கு அருகே நவக்கிரியில் நிலாவரை. இராமர் அம்பெய்து உண்டாக்கிய, அடியில்லாத கிணறு என்று ஊர் சொல்லும். அடி உண்டு, ஆனால் அந்த வியப்புக்கு நியாயமும் உண்டு. கல்லுக்குள் அரித்த குகையொன்றின் கூரை இடிந்து விழுந்து வெளிப்பட்ட கிடங்கு அது. அதன் பக்கங்கள் நிலத்தடிக் குழாய்களோடு தொடுத்திருக்கின்றன. மேல்நீர் நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. குவளையில் செய்து பார்த்தீர்களே, அதை இயற்கை தன் அளவில் செய்து வைத்திருக்கிற இடம் இது. ஊரெழுப் பொக்கணையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

அங்கிருந்து வடகரைக்குப் போனால் கீரிமலை. ஒரு மதிலுக்கு அப்பால் அலை அடிக்கிறது. மதிலுக்கு இப்பால் கேணியில் குளிர்ந்த நன்னீர் ஊறுகிறது. வலிகாமத்தில் பெய்த மழை, கல்லுக்குள் குழாய் வழி நடந்து வந்து, கடலைத் தொடுகிற இடத்தில் வெளிப்படுகிறது. கடல் ஏறி இறங்குவதோடு கேணி நீரும் ஏறி இறங்கும். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வருகிற சனம் கடலிலும் முழுகிக் கேணியிலும் முழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலே நகுலேஸ்வரம். போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்ட கோவில், ஆறுமுக நாவலர் தொடக்கிவைத்த முயற்சியால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மீண்டும் எழுந்தது. 1990இல் மறுபடி குண்டுக்கு இரையாகி, மறுபடியும் எழுந்து நிற்கிறது.

நமது கல்லுக்கு ஒரு தூரத்து உறவும் உண்டு: மத்தியதரைக் கடலில் மால்டா என்று ஒரு சிறு தீவு நாடு. பழைய இடிபாடும் நீலக் கடலும் பார்க்க உலகமே அங்கே போகிறது. அதுவும் பெரும்பாலும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்தான்; அங்கும் வற்றாத ஆறு இல்லை; அங்கும் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஜிகந்தியாக் கோவில்களை அந்த மக்கள் அந்தக் கல்லிலேயே கட்டினார்கள். இன்றைக்கு மால்டாவின் குழாய்நீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. நிலத்தடியில் அளவுக்கு மிஞ்சி இறைத்ததன் விளைவு. நமக்கும் 2024இல் வடமராட்சி கிழக்குத் தாளையடியில் அப்படியொரு நிலையம் திறந்தாயிற்று. கல் ஒன்றானால் பாடமும் ஒன்றுதான்.

இனி இடிபாடுகளுக்கு வருவோம். சுன்னாகத்துக்கு அருகே கந்தரோடை. பனைகளுக்கு நடுவே, சின்னஞ்சிறு தூபிகள் நெருங்கி நெருங்கி நிற்கின்றன. இவ்வளவு சிறிய தூபிகளின் கூட்டத்தை இலங்கையில் வேறிடத்தில் காண்பது அரிது. நீதிபதியாக இருந்த போல் பீரிஸ் இங்கே தோண்டிப் பார்த்து 1917லும் 1919லும் எழுதிய பிறகுதான் இந்த இடம் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து உரோம நாணயங்களும், தமிழகத்துத் துறைமுகங்களில் கிடைக்கிற அதே வகை மட்பாண்டங்களும் வந்தன. மத்தியதரைக் கடற்கரையில் அடித்த காசு வழுக்கையாற்று வெளிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், இந்தக் கரை எவ்வளவு பெரிய உலகத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள். இந்தத் தூபிகள் யாருடையவை என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. போகிறவர்கள் அந்தச் சண்டையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, கல்லைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அது இந்த நிலத்திலிருந்தே வெட்டிய கல். தூபி கட்டியவனும் பக்கத்து வளவில் கிணறு வெட்டியவனும் ஒரே பாறையோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனாலும் இதையே செய்யுங்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் தொடக்கிய கோட்டை. 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாக்கினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம் நமது போரில் தரைமட்டமாயிற்று. மதிலில் கையை வைத்துத் தடவினால் சிறுசிறு கண்ணறைகள் விரலில் தட்டுப்படும். அது முருகைக்கல், கடலுயிர்கள் கட்டிய வீடு. அதை ஒட்டிய சாந்தும் முருகையையும் சிப்பியையும் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. நமது ஊரும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை: ஒல்லாந்துப் பாதிரியார் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் சாவகச்சேரி, கச்சாய், வரணித் தேவாலயங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

முருகைக்கல்லை அதன் முழு அழகோடு பார்க்க நெடுந்தீவுக்குத்தான் போக வேண்டும். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கே வேலி கிடுகிலோ கதியாலிலோ இல்லை. முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள் ஒழுங்கை ஒழுங்கையாக ஓடுகின்றன. காற்று இடைவெளிகளால் புகுந்து போய்விடுவதால் மதில் நிலைத்து நிற்கிறது. பழைய கோட்டையின் இடிபாடும் புறாக்கூடும் அதே கல். வெட்டையில் மேய்கிற குதிரைகளும், ஆபிரிக்காவிலிருந்து எப்படியோ வந்து தடித்துப் பருத்த பெருக்கமரமும் அங்கே பார்க்க வேண்டியவை.

கடற்கரைக்கு ஆசைப்படுகிறவர்கள் இரண்டு கரைகளைப் பார்த்து ஒப்பிட வேண்டும். காரைநகர்க் கசூரினா ஆழமில்லாத பாக்கு நீரிணைப் பக்கம். தூரத்துக்கு நடந்து போனாலும் இடுப்பளவுதான், பிள்ளைகளோடு போக ஏற்றது. மணற்காடு வேறு மாதிரி. கொடிகாமத்திலிருந்து வரணி, முள்ளி தாண்டிப் போனால், திறந்த வங்கக்கடல் முன்னால் நிற்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே கடலுக்குள் இறங்கத் துணியக்கூடாது. அந்தப் பக்கத்து மணல் சுண்ணாம்பில் பிறந்தது இல்லை; கண்ணாடி செய்ய உதவுகிற சிலிக்கா மணல். அம்பன், வல்லிபுரப் பக்கத்துப் படிவு அதற்குப் பேர்போனது. காற்று அள்ளிக் குவித்த மேடுகளுக்குள் பழைய அந்தோனியார் கோவில் ஒன்று புதைந்து கிடக்கிறது. பக்கத்து வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு, ஏறத்தாழ 1900 ஆண்டுக்கு முன் ஆண்ட வசப மன்னன் காலத்தது. இந்த மணல்மேடுகள் பார்வைக்கு வெறுமையாகத் தெரிந்தாலும் மழையை வடித்துச் சேர்க்கிற தொட்டிகள். மேடு இருக்கிற இடத்தில் அலைக்கும் அதுதான் அணை. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த கரைக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த மணலை இரவோடிரவாக ஏற்றிப் போகிறவர்கள் அணையையும் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்தே ஏற்றிப் போகிறார்கள்.

எப்போது போவது என்று கேட்டால், தை முதல் பங்குனி வரை. மழை விட்டிருக்கும், கேணிகளும் குளங்களும் நிறைந்திருக்கும், சுண்டிக்குளத்தில் பூநாரை இறங்கியிருக்கும். சோளகம் எழும்பிவிட்டால் நெடுந்தீவுப் பயணம் வயிற்றைக் கலக்கும்.

போகிற இடமெல்லாம் இரண்டு கேள்வியைக் கேளுங்கள்: இது என்ன கல்? இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கந்தரோடைத் தூபிக்கும் கீரிமலைக் கேணிக்கும் நெடுந்தீவு மதிலுக்கும் உறவு என்ன என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். விளங்கிய பிறகு செய்யவேண்டியவையும் கைக்கெட்டியவைதான். இடிபாட்டிலிருந்து ஒரு துண்டும் நினைவுக்கென்று எடுக்காதீர்கள். கரையில் முருகை பொறுக்காதீர்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். இந்த நிலத்தில் குழி என்பது வடிகட்டி இல்லாத வாசல். கைவிட்ட கிணற்றில் இன்று கொட்டுகிற கழிவுக்கு, கல்லுக்குள் குழாய் வழியே அடுத்த வளவுக்குப் போகத் தடையேதும் இல்லை. குடித்து முடித்த போத்தலை எறிய ஒரு பள்ளம் தேடுகிறவர்கள், அந்தப் பள்ளத்துத் தண்ணீரை யாரோ நாளைக்குக் குடிக்கப்போகிறார்கள் என்பதை நினைத்து, போத்தலைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.