மென்குரலின் வன்மை: ஏ. எம். ராஜாவின் இசைத்தட்டுக்கள்

திரைப்பாடலைப் பற்றிய ஒரு கட்டுரை இந்துக் கல்லூரியொன்றின் விழா மலரில் இடம்பெறுதல் தகுமோ என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். அவர்களுக்கு யாம் கூறும் விடை ஒன்றே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் இசையாசானுக்கும் குழலோனுக்கும் யாழாசிரியனுக்கும் தண்ணுமை முதல்வனுக்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்துள்ளார். கலைஞன் தன் கருவியை எவ்வாறு கையாளுகிறான் என்று அறிந்து கேட்பது தமிழர்க்குப் புதியதன்று. அக்கருவி நம் காலத்தில் ஒலிவாங்கியாக அமைந்துவிட்டது. அதனை நன்குணர்ந்து பாடியோருள் ஒருவர் ஏ. எம். ராஜா. அவருடைய பாடல்களைக் கேட்கும் முறையை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

ஒலிவாங்கி வருமுன் பாடகனுக்கு இருந்த முதற்கடமை, கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவன் செவியையும் எட்டுதல். நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா உச்சத் தாயியில் நின்று பாடியதும், மக்கள் அதனைக் கொண்டாடியதும் இக்கடமையோடு தொடர்புடையன. மேடையில் உருவான இப்பாடும் முறை பேசும்படத்திலும் தொடர்ந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்து 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படத்தின் பாடல்களைக் கேட்போர், எதிரே பெருங்கூட்டம் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பாடும் ஒரு குரலையே கேட்கின்றனர். அக்குரலின் பெருமை வேறு. யாம் ஈண்டுப் பேச எடுத்துக்கொண்டது வேறு.

இசைத்தட்டுப் பதிவில் 1925ஆம் ஆண்டு ஒரு மாறுதல் நிகழ்ந்தது. அதுகாறும் பாடகன் ஓர் ஊதுகுழல் போன்ற கூம்பினுள் உரத்துப் பாட, அவ்வொலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறிற்று. அவ்வாண்டு முதல் ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் பதிவுக்கூடத்தினுட் புகுந்தன. மெல்லிய குரலும் பதிவாகும் என்ற நிலை ஏற்பட்டது. அமெரிக்காவில் பிங் குரொஸ்பியும் பின்னர் பிராங்க் சினாட்ரா, நாட் கிங் கோல் முதலியோரும் இந்நிலையைப் பயன்படுத்திக்கொண்டனர். இத்தகையோரை மேல்நாட்டார் ‘குரூனர்’ என்பர். குழந்தையைத் தாலாட்டுவது போலத் தாழ்ந்த குரலிற் பாடுபவர் என்பது அதன் பொருள். தாலாட்டு நம் வீடுகளில் என்றும் இருந்தது. ஆயின் அது தொட்டிலுக்கு அப்பாற் செல்லவில்லை. தொட்டிலருகே ஒலிக்கும் குரலை ஆயிரம் வீடுகளுக்குக் கொண்டுசென்றது ஒலிவாங்கியே.

இக்கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின்மீது குண்டு வீசின. போர் வலுத்த பின்னர் நேசப்படையினர்க்கென இலங்கையில் ஒரு வானொலி நிலையம் அமைந்தது. ஏகலையில் நிறுவப்பட்ட அதன் ஆற்றல் மிக்க சிற்றலைக் கருவி, போர் முடிந்த பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் இலங்கை வானொலி தோன்றியது. அடுத்த ஆண்டு வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1952 முதற் சில ஆண்டுகள் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தமையால், தமிழ்நாட்டு மக்களும் தம் பாடகரைக் கேட்கக் கொழும்பின் பக்கம் திரும்பினர். எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் பாக்கு நீரிணைக்கு இருமருங்கும் அறிமுகமாயிருந்த காலம் அது. படைவீரர்க்கென வந்த கருவி மென்குரற் பாடலைப் பரப்பும் கருவியாயிற்று.

ஏ. எம். ராஜா 1929ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டத்திற் பிறந்தவர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றவர். 1951இல் வெளிவந்த ‘சம்சாரம்’ படத்தின்மூலம் திரையிசையிற் புகுந்தார். 1955இல் ‘மிஸ்ஸியம்மா’, 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ ஆகியவை அவர் குரலை வீடுதோறும் கொண்டு சென்றன. 1959இல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய ‘கல்யாணப் பரிசு’ படத்துக்கு அவரே இசையமைத்தார். ‘விடிவெள்ளி’, ‘தேன் நிலவு’ என்பனவும் அவர் இசையமைத்தவையே. பாடகி ஜிக்கி அவருடைய வாழ்க்கைத் துணைவி. 1989இல் ரயில் நிலையமொன்றில் நேர்ந்த விபத்தில் அவர் காலமானார்.

இனி, அவரை எங்ஙனம் கேட்பது என்பதற்கு வருவோம்.

முதலாவதாக, மெய்யெழுத்துக்களைக் கவனிக்க. பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்துவதாற் பிறக்கும். ஒலிவாங்கியின் அண்மையிற் பகரத்தை வன்மையாக உச்சரித்தால் வெளிப்படும் காற்று அதன்மேல் மோதி ‘டப்’பென்ற ஓசையைத் தரும். ராஜா வல்லினத்தைச் சிதையாது, அதன் விசையை மாத்திரம் அடக்குகிறார். மெல்லின எழுத்துக்கள் வரும்போதோ, மூக்கின் வழியே வரும் அவ்வோசையைச் சற்றே நீட்டி, அதன்மேற் சுரத்தை நிறுத்துகிறார். அவர் பாடலிற் காணும் குழைவுக்கு இதுவும் ஒரு காரணம். எழுத்துக்களை வல்லினம், மெல்லினம், இடையினம் எனப் பெயரளவில் மனனஞ் செய்த மாணவர், அப்பெயர்களின் பொருளை இப்பாடல்களிற் செவியாரக் கேட்கலாம்.

இரண்டாவதாக, மூச்சைக் கவனிக்க. எந்த இடத்தில் மூச்சு வாங்குவது என்பது பாடகனின் பொருளறிவைக் காட்டும். சொற்றொடரின் நடுவே மூச்சு வாங்கினால் பொருள் முறியும். சினாட்ரா, தொமி டோர்சி என்னும் ஊதுகருவிக் கலைஞர் மூச்சைப் பேணும் விதத்தைக் கவனித்துத் தாம் கற்றதாகக் கூறியுள்ளார். நம் நாதசுரக் கலைஞர்க்கும் இவ்வித்தை கைவந்ததே. ராஜாவின் பாடல்களில் அடியின் முடிவிலேதான் மூச்சு விழுகிறது. உரைநடையை வாய்விட்டு வாசிக்குங்கால் நாம் மாணவர்க்கு வலியுறுத்தும் நிறுத்தக்குறி விதியும் இதுவே.

மூன்றாவதாக, கமகத்தின் அளவைக் கவனிக்க. ஒலிவாங்கி சிறு அசைவையும் பெரிதாக்கிக் காட்டும். ஆதலால் கச்சேரி மேடைக்குரிய கமகம் அங்கு மிகையாகும். ராஜா சுரத்தைத் தொட்டு அசைத்துவிட்டு விலகுகிறார். எஞ்சிய அலங்காரத்தை வயலினும் புல்லாங்குழலும் ஏற்றுக்கொள்கின்றன. மேலும், சிலவகை ஒலிவாங்கிகள் மிக அண்மையிலிருந்து பாடுவோரின் தாழ்ந்த சுருதியைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கும். மென்குரற் பாடகரின் மந்தத் தாயி நிறைவுடன் ஒலிப்பதற்கு இவ்வியல்பும் துணைநிற்பதுண்டு.

மேல்நாட்டிற் புகழ்பெற்ற பழம்பாடலொன்றைப் பல பாடகர் தத்தம் வழியிற் பதிவு செய்வது வழக்கம். ஒப்பிட்டுக் கேட்டுச் சுவைப்பதற்கு அஃது இடந்தரும். கருநாடக இசையிற் கீர்த்தனைகளுக்கும் இவ்வாய்ப்புண்டு. திரைப்பாடலோ பெரும்பாலும் ஒரே குரலோடு நின்றுவிடும். ‘கல்யாணப் பரிசு’ இதற்கு ஒரு விலக்கு. அதன் தீபாவளிப் பாட்டைப் பி. சுசீலா களிப்புடன் பாடுகிறார். அதே மெட்டை ராஜா துயரத்துடன் பாடுகிறார். பாடல்களை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அவர் அவ்வாண்டிலேயே தம் இருபத்தொன்பதாம் வயதில் மறைந்தார். ஒரே மெட்டு உவகைக்கும் அழுகைக்கும் எவ்வாறு பொருந்திற்று? ராஜா நடையைத் தாழ்த்துகிறார். அடியின் முடிவிற் குரலைக் கரைத்துவிடுகிறார். விம்மலோ கதறலோ இல்லை. மெய்ப்பாட்டைப் பாடகன் முழுதும் நடித்துக்காட்டாது, கேட்போன் நிரப்புமாறு ஓரிடம் விட்டுவைக்கிறான். இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்கும் மாணவனுக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கற்பித்தல் எளிதாதலை யாம் வகுப்பறையிற் கண்டிருக்கிறோம்.

குறையையும் கூறுதல் முறை. பெருமிதமும் வெகுளியும் இக்குரலுக்கு இயல்பல்ல. வீரம் ததும்பும் இடத்தில் டி. எம். சௌந்தரராஜனின் கணீரென்ற குரலே வேண்டப்படும். ஒன்றன் சிறப்பைச் சொல்ல மற்றொன்றைத் தாழ்த்துதல் வேண்டா. யாழும் முரசும் ஒரே அவையில் இருந்தவைதாமே.

இக்குரல் எமக்கு ஏன் நெருக்கமாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். எம் இளமை இந்நகரில் ஊரடங்கு இரவுகளிற் கழிந்தது. கதவுகளை அடைத்து, விளக்கைத் தணித்து, வானொலியை அதற்கு மேலே காது வைத்தாலன்றிக் கேளாத அளவிற்குக் குறைத்து வைத்திருப்போம். உரத்த பாடல்கள் அந்த அளவிற் சிதைந்துபோயின. ராஜாவின் பாடல் சிதையவில்லை. அது அந்த அளவிற்கென்றே பாடப்பட்டது போலிருந்தது. வெளியே எதுவும் நிகழலாம் என்றிருந்த அவ்விரவுகளில், அச்சுறுத்தாத ஒரு மனிதக்குரல் வீட்டினுள் இருந்தது.

அவ்வாறு கேட்டு வளர்ந்த யாமே ஒருமுறை பிழை செய்தோம். பேச்சுப் போட்டியொன்றுக்கு நடுவராயிருந்தபோது, ஒலிவாங்கியின் அருகே நின்று தாழ்ந்த குரலில், சொல் ஒவ்வொன்றும் விளங்கப் பேசிய மாணவன் ஒருவனுக்குக் ‘குரல் வளம் போதாது’ என்று எழுதிப் புள்ளிகளைக் குறைத்தோம். மேசையைக் குத்தி முழங்கியவனுக்கு முதலிடம் கொடுத்தோம். அன்றிரவு யோசித்துப் பார்த்தபோது, முழங்கியவன் சொன்னவற்றுள் ஒன்றும் நினைவில் இல்லை. மற்றவன் சொன்னது முழுவதும் இருந்தது. மறுநாள் அவனை அழைத்து எம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அவன் சிரித்துவிட்டு, “பரவாயில்லை சேர்” என்றான். புள்ளித்தாள் மாறவில்லை. அதன்பின் எந்தப் போட்டியிலும் ‘குரல் வளம்’ என்னும் தலைப்பின்கீழ் உரப்பை மாத்திரம் யாம் அளந்ததில்லை.

இன்று பாடல் கைப்பேசியிலும் செவிக்குள் பொருத்தும் கருவியிலும் கிடைக்கிறது. பழைய மாணவர்காள், உங்கள் பிள்ளைகளோடு ஒருமுறை அமர்ந்து, ஒலியைக் குறைத்து, ‘கல்யாணப் பரிசு’ப் பாட்டின் அவ்விரு வடிவங்களையும் கேட்டுப் பாருங்கள். இளைய மாணவர்களே, உரத்துச் சொன்னாற்றான் உண்மையாகும் என்ற எண்ணம் எங்கும் பரவியுள்ள இந்நாளில், மெல்லச் சொல்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். அதனை ஏற்கெனவே பயின்ற ஓர் ஆசான் இசைத்தட்டில் இருக்கிறார்.